கதிரை இருக்கிறது, கணக்கில் இல்லை: ஆர்.எஃப்.ஐ.டி வில்லைகள் வாசிக்காதபோது பார்க்க வேண்டியவை

கலியாண வீடுகளுக்குக் கதிரை, கூடாரம், கிடாரம் வாடகைக்குக் கொடுக்கும் மட்டக்களப்புக் களஞ்சியம் ஒன்றில், ஒரு வைகாசி மாதம், பன்னிரண்டு கதிரைகளுக்கான பணம் ஓர் இளைஞனின் சம்பளத்திலிருந்து வெட்டப்பட்டது. கண்ணகி அம்மன் குளிர்த்திக்குப் போன கதிரைகள் 200. ஒவ்வொரு கதிரையிலும் எண் கொண்ட ஓர் ஆர்.எஃப்.ஐ.டி வில்லை ஒட்டியிருந்தது; தொடாமலே வானொலி அலையால் அதை வாசித்து எண்ணும் கருவிதான் ரீடர். லொறி திரும்பியபோது வாசலில் இருந்த ரீடர் காட்டியது 188. ஏற்றி இறக்குவது அவன் பொறுப்பு என்பதால் பழியும் அவன் தலையில் விழுந்தது. மூன்றாம் நாள், கழுவிய கதிரைகளை முற்றத்தில் பரப்பி வைத்திருந்தபோது நான் அங்கே போனேன். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். 200 கதிரைகளும் இருந்தன. வெட்டிய பணம் அவனுக்குத் திரும்பக் கிடைத்தது. மூன்று நாள் அவனைக் கள்வன் என்று பார்த்த பார்வைக்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை.

அந்தக் கதிரைகளில் வில்லை ஒட்டியவன் நான். அன்றிலிருந்து எந்தக் களஞ்சியத்துக்குப் போனாலும் முதலில் சொல்வது இதைத்தான்: ரீடர் ஒரு வில்லையை வாசித்துவிட்டால், அது ஒட்டிய பொருள் அருகில் எங்கேயோ இருக்கிறது. வாசிக்கவில்லை என்றால் வாசிக்கவில்லை, அவ்வளவுதான். பொருள் போய்விட்டது என்று ரீடர் சொல்லவில்லை. அதை நாம்தான் சேர்த்துக்கொள்கிறோம்.

கீழே எழுதியிருப்பவை பெரும்பாலும் யூ.எச்.எஃப் (மீயுயர் அதிர்வெண்) வகை வில்லைகளைப் பற்றியவை. வாடகைப் பொருள், ஆடைப் பெட்டி, அரிசி மூட்டை போன்றவற்றைச் சில மீற்றர் தூரத்திலிருந்து மொத்தமாக எண்ணுவதற்கு இந்த வகைதான் பயன்படுகிறது. நூலகப் புத்தகத்தில் ஒட்டுவதும் மாட்டின் காதில் குத்துவதும் வேறு வகைகள். அவற்றைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் இருக்கிறது.

இந்த வில்லைக்குள் மின்கலம் கிடையாது. ரீடர் அனுப்பும் அலையே அதற்கு உணவு. அதில் கொஞ்சத்தை உறிஞ்சி விழித்துக்கொள்ளும் சில்லு, மீதியைத் தன் எண்ணுக்கு ஏற்ப அசைத்துத் திருப்பி அனுப்புகிறது. ரீடர் 1 வாட் அனுப்பினால், இன்றைய சில்லு ஒன்று விழிப்பதற்கு அதில் இலட்சத்தில் ஒரு பங்கு வந்து சேர்ந்தால் போதும். அந்த இலட்சத்தில் ஒரு பங்கும் வழியில் எங்கே தொலைகிறது என்று தேடுவதுதான் இந்த வேலை முழுவதும். 1991இல் மார்க் வைசர், கணினிகள் நாம் கவனிக்காத அளவுக்கு அன்றாடப் பொருட்களுக்குள் கரைந்துபோகும் காலத்தைப் பற்றி எழுதினார். கரைந்துபோன கருவியின் பழுதும் கண்ணில் படாது. கண்ணில் படாத பழுது, கண்ணில் படும் மனிதன் மேல் ஏற்றப்படுகிறது. எனக்கு இந்த வேலையில் அக்கறை வந்ததே அதனால்தான்.

எதையும் கழற்றுவதற்கு முன்: சாட்சி வில்லை

நன்றாக வாசிக்கிறது என்று தெரிந்த வில்லை ஒன்றை எடுத்து, காய்ந்த கார்ட்போட் மட்டை ஒன்றில் ஒட்டி, களஞ்சியத்தில் ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். அதுதான் உங்கள் சாட்சி. என்ன முறைப்பாடு வந்தாலும் முதலில் அதை அன்ரனாவுக்கு நேராக ஒரு மீற்றர் தூரத்தில் பிடியுங்கள். மட்டையின் ஓரத்தைப் பிடிக்க வேண்டும். விரல் வில்லையின் மேல் படக்கூடாது.

சாட்சி வாசித்தால், ரீடரும் கேபிளும் அன்ரனாவும் நலம். பழுது பொருளிலோ, வில்லை ஒட்டிய இடத்திலோ, அடுக்கிய விதத்திலோ இருக்கிறது. சாட்சியும் வாசிக்காவிட்டால் பொருட்களைத் தொடவே வேண்டாம். பழுது ரீடர் பக்கம். இந்த ஒரு சோதனை அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். அதற்குப் பிறகு எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி சாட்சியைப் பிடித்துப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போகும். அடுத்த மாதம் அதே பழுது வரும்போது நிற்பது அதே இருட்டில்தான்.

“ஒன்றையுமே வாசிக்கவில்லை”

மின்சாரம் வருகிறதா, கேபிள் எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது, மென்பொருளில் அதே துளை இயக்கப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். நான்கு துளை உள்ள ரீடரில் அன்ரனா இரண்டாம் துளையிலும் அமைப்பு முதலாம் துளையிலும் இருப்பது அடிக்கடி காணும் தவறு. அன்ரனா இல்லாத துளையை இயக்கி வைக்காதீர்கள். வெளியே போக வழியில்லாத மின்வலு ரீடருக்குள்ளேயே திரும்பி, அதன் பெருக்கியைக் கெடுத்துவிடக்கூடும்.

ரீடர் நலமாக இருந்தும் புதிதாக வாங்கிய வில்லைகள் மட்டும் வாசிக்கவில்லையா? ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் ஒரு சிறு வளையம், அதன் வயிற்றில் மிளகின் கால் பங்கு அளவுக்குக் கறுப்புச் சில்லு, அதிலிருந்து இரு பக்கமும் பாம்பு நெளிவது போல மடிந்து மடிந்து போகும் வெள்ளிக் கோடுகள்: இப்படி இருந்தால் அது யூ.எச்.எஃப். அப்படியில்லாமல், நுளம்புச்சுருள் போல ஒரே கம்பி பல சுற்றாக ஓரத்தைச் சுற்றி ஓடியிருந்தால் அது 13.56 மெகாஹேர்ட்ஸ் வில்லை. உங்கள் ரீடருக்கு அதன் மொழி தெரியாது. சந்தேகம் இருந்தால் என்.எஃப்.சி வசதியுள்ள கையடக்கத் தொலைபேசியின் முதுகில் வையுங்கள். தொலைபேசி பதில் சொன்னால் அது 13.56. விலை குறைவு என்று ஆயிரம் வில்லைகளை இப்படி வாங்கி வைத்துக்கொண்டு, ரீடர் பழுது என்று அழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, ரீடருக்குள் எந்த நாட்டின் அலைவரிசை தெரிவு செய்யப்பட்டிருக்கிறது என்பது. ஐரோப்பாவில் 865 முதல் 868 மெகாஹேர்ட்ஸ், அமெரிக்காவில் 902 முதல் 928. கப்பலில் வந்த பெட்டியைத் திறந்து அப்படியே இயக்கினால், அது எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டதோ அந்த நாட்டின் அமைப்பில்தான் ஓடும். ஜி.எஸ்.எம் 900 வலையமைப்பில் தொலைபேசிகள் கோபுரத்தோடு பேசுவது 890 முதல் 915 மெகாஹேர்ட்ஸ் வரை. அமெரிக்க அமைப்பில் ஓடும் ரீடர் அந்த இடத்திலேயே நின்று கத்துகிறது. அயலவரின் தொலைபேசி அழைப்பைக் குழப்பும் உரிமை நமக்கு இல்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதித்த அலைவரிசைக்கு ரீடரை அமைத்துத் தருமாறு விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

“முன்பு வாசல் முழுவதும் வாசித்தது, இப்போது கிட்டக் கொண்டுபோனால்தான் வாசிக்கிறது”

கல்லடியிலோ கல்முனையிலோ ஒலுவிலிலோ கடற்கரையை ஒட்டிய களஞ்சியம் என்றால், முதல் சந்தேகம் உப்புக்காற்று மேல்தான்.

அன்ரனாவின் முதுகில் கேபிள் திருகும் இடத்தைக் கழற்றுங்கள். கழற்றும்போதே தெரியும்: திருகு சீராகச் சுற்றாமல் மணல் அரைபடுவது போல நெரிந்தால் உள்ளே அரிப்பு இருக்கிறது. நடு ஊசி பொன்னிறமாக மின்ன வேண்டும். நான் கடைசியாகக் கழற்றியதில் ஊசி மங்கிய பச்சையாக இருந்தது. அதைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஈரமான உப்புத் தூள் ஒரு வளையமாகப் படிந்திருந்தது. கேபிளை ஒரு விரற்கடை வெட்டினேன். உள்ளே செம்பு வலை கறுத்திருந்தது. இன்னும் ஒரு சாண் வெட்டினேன், அங்கும் கறுப்பு. மழைநீர் கேபிளின் உறைக்குள் ஊர்ந்து போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் கேபிளைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

புதிதாகப் போடும்போது, கனெக்டரின் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரபர் நாடாவை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் சாதாரண மின் நாடாவைச் சுற்றுங்கள். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். இதை வாடை மழை தொடங்கும் முன், ஐப்பசிக்குள் செய்து முடித்துவிடுவது நல்லது.

கேபிளின் வகையும் முக்கியம். கடையில் கிடைக்கும் மெல்லிய ஆர்.ஜி.58 கேபிளை 10 மீற்றர் இழுத்தால், இந்த அலைவரிசையில் ஏறக்குறைய 5 டெசிபல் வழியிலேயே போய்விடும். அனுப்பியதில் மூன்றில் ஒரு பங்குதான் அன்ரனாவை அடையும். வாசிக்கும் தூரம் பாதியை ஒட்டிக் குறையும். தடித்த எல்.எம்.ஆர்.400 வகை அதே தூரத்தில் முக்கால் பங்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ரீடரை அலுவலக மேசையில் வைத்து நீளமாகக் கேபிள் இழுப்பதைவிட, ரீடரையே வாசலுக்கு அருகே ஒரு பெட்டிக்குள் வைத்து, வலையமைப்புக் கேபிளை நீளமாக இழுப்பது மலிவும் சரியும்.

கேபிள் நலம், ஆனால் நிமிர்த்திப் பிடித்தால் வாசிக்கிறது, படுக்கவைத்தால் இல்லை என்றால், உங்கள் அன்ரனா ஒரே திசையில் அதிரும் வகை. வட்டமாகச் சுழலும் அலை அனுப்பும் அன்ரனாவுக்கு மாறுங்கள். அதில் பாதி வலு வீணாகும் என்பது உண்மைதான். கலியாண வீட்டிலிருந்து திரும்பும் பொருள் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத இடத்தில் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம். வில்லையின் நுனி அன்ரனாவை நேராகப் பார்த்தால் இந்த வகையும் தடுமாறும். அதற்காகத்தான் வாசலுக்கு இரண்டு அன்ரனா, வெவ்வேறு கோணத்தில்.

“கிடாரம், சஹன், தாச்சி எதுவும் வரவில்லை”

சாதாரணக் காகித வில்லையை உலோகத்தில் ஒட்டினால் அது செத்ததற்குச் சமம். உலோகப் பரப்பை ஒட்டிய இடத்தில் அலை தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. வில்லையின் அன்ரனாவும் தன் சுருதியை இழக்கிறது. இடையில் சில மில்லிமீற்றர் இடைவெளி கிடைத்தால் உயிர் கொஞ்சம் திரும்பும். அந்த இடைவெளியைத் தனக்குள்ளேயே வைத்துச் செய்யப்பட்டவைதான் உலோகத்துக்கான தடித்த வில்லைகள். அவை பாத்திரத்தையே தம் அன்ரனாவின் ஒரு பகுதியாக்கிக்கொள்கின்றன.

இங்கே ஒரு குழப்பம் வரும். புதிதாக வந்த உலோக வில்லையை மர மேசையில் வைத்துச் சோதித்துவிட்டு, பழுதான சரக்கு என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அது மேசையில் மோசமாகத்தான் வாசிக்கும். அலுமினியத் தட்டு ஒன்றின் மேல் வைத்துச் சோதியுங்கள். உலோகப் பொருட்களுக்கான சாட்சி வில்லையையும் அப்படியே ஒரு தட்டில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நெருப்பு. கிடாரத்தின் அடியும் வயிறும் விறகுத் தீயைப் பார்க்கும் இடங்கள். வில்லைக்கு உரிய இடம் விளிம்புக்குக் கீழே, காது பொருத்திய பக்கம். பசை வேண்டாம், தறையாணி (ரிவெட்) அறைந்து பொருத்துங்கள். வெப்பம் தாங்கும் வகை என்று எழுதிய வில்லைதானா என்று பாருங்கள். பாத்திரம் கழுவும் அக்காமார் தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்க்கும்போது, ஒட்டிய வில்லையின் ஒரு மூலை முதலில் எழும்பும். அந்த மூலைக்குள் எண்ணெய் போகும், பிறகு கரி போகும். மூன்றாவது கலியாணத்தில் வில்லை கையோடு வந்துவிடும். குற்றம் தேய்த்தவர்களுடையது ஆகாது. தேய்க்கும் இடத்தில் ஒட்டியவருடையது.

ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கிடாரங்களில் வெளியே தெரிவதை மட்டும்தான் ரீடர் காணும். உலோகத்தால் மூடப்பட்டதற்குள் அலை போகாது. அடுக்கி வைத்த சஹன் தட்டுகளுக்கும் இதே கதி. எந்த வில்லை வாங்கினாலும், எவ்வளவு வலுக் கூட்டினாலும் இது மாறாது. காத்தான்குடிக் கலியாணத்துக்கு ஐம்பது சஹன் போகிறது என்றால், அடுக்குவதற்கு முன் ஒவ்வொன்றாக ரீடரைக் கடக்க வேண்டும். அல்லது தட்டுக்கு வில்லை ஒட்டுவதை விட்டு, இருபத்தைந்து தட்டு கொள்ளும் பிளாஸ்டிக் கூடைக்கு ஒட்டி, கூடைக்குள் கையால் எண்ணுங்கள். என் தெரிவு இரண்டாவதுதான்.

“கதிரை எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வருகிறது”

அந்த 188 இப்படித்தான் வந்தது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பிளாஸ்டிக் கதிரை அலைக்குத் தடையே இல்லை. அலை அதை ஊடுருவிப் போய்விடும். அதனால் சிக்கல் வராது என்றுதான் நானும் எண்ணி, எல்லாக் கதிரையிலும் முதுகுச் சாய்வின் நடுவில், அளந்து வைத்தாற்போல ஒரே இடத்தில் ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. கதிரைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியபோது, ஒவ்வொரு வில்லையும் அடுத்த வில்லையின் முதுகில் மூன்று சென்ரிமீற்றர் இடைவெளியில் போய் அமர்ந்தது. அவ்வளவு நெருக்கத்தில் இரண்டு வில்லைகள் இருந்தால் ஒன்றின் சுருதியை மற்றது கெடுக்கும்; முன்னால் இருப்பது பின்னால் இருப்பதற்கு நிழலாகும். அடுக்கின் நடுவில் இருந்தவை பட்டினி கிடந்தன.

மருந்து, இடத்தை மாற்றி மாற்றி ஒட்டுவது. முதுகின் இடது, நடு, வலது, இருக்கையின் அடியில் இரண்டு பக்கம் என ஐந்து இடங்களைக் குறித்துக்கொண்டு, கதிரைகளை ஐந்தாகப் பிரித்து ஒட்டினேன். எந்த ஒழுங்கில் அடுக்குவார்கள் என்பது நம் கையில் இல்லை. ஆனாலும் அடுத்தடுத்த இரண்டு கதிரைகள் ஒரே இடத்து வில்லையோடு வந்து விழுவது ஐந்தில் ஒரு முறைதான். பிறகு, ஓர் அடுக்கில் பத்துக்கு மேல் வேண்டாம் என்று சொன்னேன். லொறியில் இருந்தபடியே எண்ணுவதையும் நிறுத்தினோம். லொறியின் இரும்புப் பக்கப் பலகை ஒரு சுவர் போல நின்று மறைக்கிறது.

மனித உடம்பும் சுவர்தான். அதில் பெரும்பங்கு தண்ணீர். தோளில் சுமந்து வரும் கதிரை அடுக்கில் வில்லைகள் முதுகோடு ஒட்டியிருந்தால் ரீடருக்குத் தெரியாது. வியர்வை வழிய ஓடிவந்து ஏற்றி இறக்கியவர்கள் வேகமாக வேலை செய்ததால்தான் எண்ணிக்கை குறைந்தது என்பதை முதலாளியிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியென்றால் தம்பி, தள்ளுவண்டி ஒன்று வாங்க வேண்டும்” என்றார். வாங்கினார். அடுக்கு வண்டியில் ஏறி, இரண்டு அன்ரனாக்களுக்கு நடுவில் வந்து, நான்கைந்து நொடி நின்று, பிறகு உள்ளே போகிறது.

எல்லா வில்லைகளும் ஒன்றாகக் கத்திக் குழப்புகின்றனவோ என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு வழி ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது. ரீடர், வில்லைகளைத் திருவுளச்சீட்டு எடுப்பது போல ஆளுக்கொரு எண் எடுத்துக்கொள்ளச் சொல்லும். முறை வந்தது மட்டும் பேசும். எத்தனை சீட்டு என்பதை ரீடர் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் அமைப்பில் விட்டுவிடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அமர்வு (session) என்ற தெரிவை. எஸ்0 என்று இருந்தால், நன்றாக வாசிக்கும் வில்லைகளே திரும்பத் திரும்பப் பேசி நேரத்தை எடுத்துக்கொள்ளும். எஸ்2 என்று வைத்தால், ஒரு முறை எண்ணப்பட்டது வாய்மூடி, வலுக்குறைந்தவற்றுக்கு இடம் விடும். அலை நின்ற பிறகும் குறைந்தது இரண்டு நொடி அது அப்படியே இருக்கும். வாசலைக் கடந்த வண்டியை உடனே திருப்பிக் கொண்டுவந்தால் எதுவும் வாசிக்கவில்லை என்ற முறைப்பாட்டுக்கு இதுதான் விடை. பழுது எதுவும் இல்லை. ரீடரின் ஒலிபரப்பை நிறுத்தி, சிறிது நேரம் பொறுத்து மறுபடி தொடங்குங்கள்.

“மழைக்குப் பிறகு படங்கு காணாமல் போகிறது”

நனைந்த படங்கை நான்காய் மடித்து, அதன் நடுவில் வில்லை இருந்தால், அதைச் சுற்றி ஒரு சிறு குளம் இருக்கிறது. தண்ணீர் யூ.எச்.எஃப் அலையை விழுங்கும். வில்லையைப் படங்கின் மூலையில், கயிறு கோக்கும் வளையத்துக்கு ஒரு சாண் தள்ளி, தைத்த சிறு பைக்குள் வையுங்கள். மடித்தாலும் மூலை வெளியே வரும்படி மடிக்கப் பழக்குங்கள். மாரி காலத்தில் போகும்போது ஓர் எண்ணிக்கை, வந்து காய்ந்த பிறகு ஓர் எண்ணிக்கை. ஈரத்தோடு எண்ணியதைப் பதிவேட்டில் ஏற்றவே வேண்டாம்.

“உள்ளே இருப்பது வெளியே போனதாகக் காட்டுகிறது”

தகரக் கூரையும் உருட்டுக் கதவும் உள்ள கட்டடத்தில் அலை பந்து போலத் துள்ளும். பின்சுவரோடு அடுக்கியிருக்கும் கதிரையை வாசல் அன்ரனா கூரை வழியாகப் பார்த்துவிடும். முதல் வேலை வலுவைக் குறைப்பது. பலர் எதற்கும் 30 டி.பி.எம் என்று முழுவதும் திறந்து வைத்திருக்கிறார்கள். டி.பி.எம் என்பது வலுவின் அளவு; அதில் 3 குறைந்தால் வலு பாதியாகும். வாசலுக்கு அதில் பாதி பல வேளைகளில் போதும். பாதி என்றால் 27 டி.பி.எம் என்று வாசிக்க வேண்டும், 15 என்று இல்லை, 15 டி.பி.எம் என்பது முப்பதில் ஒரு பங்குதான். பிறகு அன்ரனாவைச் சற்றுத் தரையை நோக்கிச் சாய்த்து, உள்பக்கம் பார்க்காமல் திருப்புங்கள். திரும்பி வரும் சமிக்ஞையின் வலு ஓர் அளவுக்குக் கீழ் இருந்தால் எண்ண வேண்டாம் என்று மென்பொருளில் எல்லை வையுங்கள். வண்டி வந்தால் மட்டும் ரீடர் விழிக்கும்படி ஓர் ஒளி உணரியைப் பொருத்தினால் பாதிப் பேய்கள் ஓடிவிடும்.

இதே துள்ளலின் மறுபக்கம், வாசலின் நடுவிலேயே வாசிக்காத குருட்டு இடங்கள். நேராக வரும் அலையும் துள்ளி வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளிகள் அவை. இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர். குருட்டுப் புள்ளியிலிருந்து தெளிவான புள்ளிக்கு அதில் கால் பங்கு, அதாவது நாலு விரல் அகலம் நகர்ந்தால் போதும். வாசிக்காத பொருளை நாலு விரல் தள்ளிப் பிடித்தவுடன் வாசித்தால், வில்லையைக் குறை சொல்லாதீர்கள். வண்டியை நிறுத்தாமல் மெதுவாக உருட்டிக்கொண்டே கடக்கவிட்டாலும் இது தீரும்.

“இரண்டு பொருளுக்கு ஒரே எண்”

பொருளை அடையாளம் காட்ட வில்லைக்குள் இருக்கும் எண்தான் ஈ.பி.சி. சில வில்லைகள் தொழிற்சாலையிலிருந்தே ஒரே ஈ.பி.சி எண்ணோடு வருகின்றன. வெவ்வேறு எண்ணை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதும்போது மேசையில் இன்னொரு வில்லை கிடந்தால் அதிலும் அதே எண் ஏறிவிடலாம். வலுவை மிகக் குறைத்து, ஒன்றை மட்டும் அன்ரனாவின் மேல் வைத்து, மற்றவற்றை உலோகப் பெட்டிக்குள் மூடி எழுதுங்கள். எழுதியதும் வாசித்துச் சரிபார்த்து, கடவுச்சொல் வைத்துப் பூட்டுங்கள். ஏற்கெனவே குழம்பிப்போயிருந்தால், டி.ஐ.டி என்ற பகுதியை வாசியுங்கள். சில்லு செய்தவர்கள் அங்கே பொறித்தது மாற்ற முடியாதது. இரட்டையரை அதைக் கொண்டு பிரித்துவிடலாம்.

“பதிவில் 1970ஆம் ஆண்டு என்று வருகிறது”

மின்வெட்டுக்குப் பிறகு ரீடரின் கடிகாரம் 1970 ஜனவரி 1க்குப் போய்விட்டது. பல கருவிகள் காலத்தை அந்த நாளிலிருந்துதான் எண்ணுகின்றன. வலையமைப்பிலிருந்து நேரத்தைத் தானாக எடுக்கும் அமைப்பை இயக்கி, ரீடருக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு யூ.பி.எஸ் வையுங்கள். மத்தியானத்தில் மட்டும் ரீடர் நின்று நின்று போகிறது என்றால், அது தகரக் கூரைக்கு அடியில் வெந்துகொண்டிருக்கிறது, கீழே இறக்குங்கள்.

நூலகமும் மாட்டுப்பட்டியும்

நூலகப் புத்தகங்களில் 13.56 மெகாஹேர்ட்ஸ் வில்லை இருக்கும். மெல்லிய புத்தகங்கள் நெருக்கமாக நிற்கும்போது அவற்றுக்கும் கதிரைகளின் நோய்தான் வருகிறது. மருந்தும் அதேதான், இடம் மாற்றி ஒட்டுங்கள். இரும்புத் தட்டின் பக்கவாட்டைத் தொட்டு நிற்கும் கடைசிப் புத்தகம் வாசிக்காது. ஒரு மரக்கட்டையை இடையில் வையுங்கள்.

படுவான்கரையில் பட்டி வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படும்: மாட்டின் காதில் போடும் மின்னணு வில்லை 134.2 கிலோஹேர்ட்ஸில் பேசுகிறது. அந்த நீண்ட அலைக்குத் தசையும் தண்ணீரும் சேறும் பொருட்டில்லை. அதனால் மாரியில் நனைந்த மாட்டையும் வாசிக்கும். ஆனால் வாசிக்கும் கோலைக் காதுக்கு அருகே கொண்டுபோக வேண்டும். வில்லை புதிது, கோலும் புதிது, இருந்தும் வாசிக்கவில்லை என்றால் வகையைப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ 11784, 11785 தரத்தில் எஃப்.டி.எக்ஸ், எச்.டி.எக்ஸ் என்று இரண்டு உண்டு. மலிவான கோல்கள் முதல் வகையை மட்டும் வாசிக்கும். நாட்டுக் குறியோடு எழுதப்பட்ட வில்லை என்றால், பதினைந்து இலக்கத்தின் முதல் மூன்றும் இலங்கைக்கு 144 ஆக இருக்கும்.

“எல்லாம் செய்தாயிற்று, இன்னும் இரண்டு மூன்று குறைகிறது”

குறையும். இருநூறு பொருளை ஒரே மூச்சில் எண்ணும்போது ஒன்றிரண்டு விடுபடுவது இந்தத் தொழில்நுட்பத்தின் இயல்பு. அதற்கு இடம் வைத்துத்தான் மென்பொருளை அமைக்க வேண்டும்.

அந்தக் களஞ்சியத்தின் மென்பொருளில், வாசிக்காத பொருளுக்கு நேரே சிவப்பில் “இல்லை” என்று வந்துகொண்டிருந்தது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு “இன்னும் வாசிக்கவில்லை” என்று மாற்றச் செய்தேன்; நிறத்தையும் மஞ்சளாக்கச் சொன்னேன். உங்கள் திரையிலும் அதை மாற்றச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. பொருள் இறங்கிய அன்று மஞ்சள் பட்டியல் ஒன்று அச்சாகும். கையால் பிடிக்கும் ரீடரோடு ஒருவர் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, அடுக்குகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் நாலு விரல் தள்ளித் தள்ளித் தேடுகிறார். கழுவிக் காய்ந்த பிறகு மறுபடி ஒரு சுற்று. மூன்றாம் நாள், அப்போதும் மஞ்சளாக இருப்பவற்றின் வரிசை எண்ணைக் கண்ணால் பார்த்துத் தேட வேண்டும். வில்லை உரிந்த கதிரை பெரும்பாலும் அப்போதுதான் அகப்படும். முதுகில் பசையின் மங்கல் தடம் இருக்கும், தொட்டால் தெரியும். அந்தச் சுற்றும் முடிந்து, வாடகைக்கு எடுத்த வீட்டிலும் கேட்டறிந்த பிறகுதான் “காணவில்லை” என்று பதிய முடியும்படி திரையைப் பூட்டி வைத்திருக்கிறோம்.